ஒன்றரை முழம் மேலே செவலை

செவலைக் குதிரை தரையை விட்டு ஒன்றரை முழம் மேலே போய் நின்றது ஒரு வைகாசி மாதத்துப் புதன்கிழமை. பகல் பத்து மணி இருக்கும். அங்காயி அப்போதுதான் தலையிலிருந்து புல்லுக்கட்டை இறக்கிக்கொண்டிருந்தாள். இறக்கிய கட்டைக் கீழே வைப்பதற்குள் குதிரையின் நான்கு குளம்புகளும் தரையை விட்டுக் கிளம்பி, முன்னங்கால் இரண்டும் முன்னால் நீண்டு, பின்னங்கால் இரண்டும் பின்னால் நீண்டு, தாவுகிற தவளையைப் பிடித்து நிறுத்தியதுபோல் காற்றில் அப்படியே நின்றுவிட்டது. அங்காயி கத்தவில்லை. கட்டை அவிழ்த்து ஒரு கை புல்லை எடுத்து அதன் வாயருகே நீட்டினாள், அது தின்றது. தின்கிற குதிரைக்குப் பெரிய கேடு ஒன்றும் இருக்காது என்று அப்போதைக்கு மனசைத் தேற்றிக்கொண்டாள்.

இது யார் பார்த்த வேலை என்பதில் குதிரைக்காரன் லைனில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. துரைமார் கிளப்புக்குப் பின்னால், சரிவின் அடியில், கிளப்புச் சாக்கடை முழுக்க வந்து தேங்குகிற பள்ளத்தில் இருபது வீடுகளும் ஒரு நீளமான லாயமும் சேர்ந்ததுதான் லைன். ஆண்கள் குதிரைக்கு உடம்பு தேய்த்துவிட்டு லகான் பிடிப்பார்கள், பெண்கள் மலைச்சரிவில் குதிரைக்குப் புல் அறுப்பார்கள். அந்த லைனுக்கு நேர் மேலே, மேட்டு பங்களாவில், இரண்டு மாதமாகப் பிக்கரிங் என்றொரு துரை உட்கார்ந்து, செவலையின் சொந்தக்காரரான கர்னல் துரைக்காக அதைத் துணியில் படமாக எழுதிக்கொண்டிருந்தார். நாலாவது குளம்புக்குக் கறுப்பு வைத்து முடித்தது அந்தப் புதன்கிழமை காலை பத்து மணிக்குத்தான் என்று அவருடைய பட்லர் அருளப்பன் தானாகவே இறங்கி வந்து சொல்லிவிட்டுப் போனார்.

பிக்கரிங் துரை தன் சீமையில் முப்பது வருஷம் வண்டிப்படம் எழுதியவர். நாலு குதிரை பூட்டிய தபால் வண்டி, வண்டியின் பின்னால் நின்று கொம்பு ஊதுகிறவன், சக்கரத்தில் சேறு, சத்திரத்து வாசலில் விளக்கு. வண்டி சலித்தால் பிரபுக்களின் பந்தயக் குதிரை, அதுவும் சலித்தால் நாய்க்கூட்டத்தோடு நரிவேட்டை. அங்கே ரயில் வந்தது, தபால் வண்டிகளில் கோழி அடைத்தார்கள், வண்டிப்படத்தை வாங்க ஆள் இல்லாமல் போயிற்று. தமிழ்நாட்டு மலை ஒன்றில் இன்னும் குதிரைதான் தபால் இழுக்கிறது, அங்கே துரைமார் சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, தங்கள் ஊர் நரி கிடைக்காததால் கிடைத்த நரியைத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, பெட்டி பெட்டியாகச் சாயத்தோடு மலையேறி வந்துவிட்டார். லைனில் அவருக்கு வண்டிப்படத் துரை என்று பெயர்.

கையில் வித்தை இல்லாதவர் என்று சொல்ல முடியாது. செவலை லாயத்தில் நிற்கும்போது இரண்டு தடவை வந்து பார்த்து, நெற்றிச் சுட்டியை, மூக்கோரத்து நரம்பை, இடது காதில் முள் கிழித்த தழும்பை மயிரிழை பிசகாமல் எழுதினார். ஓடுவதை மட்டும் அவர் வந்து பார்க்கவில்லை. ஓடுகிற குதிரையின் கால் எப்படி இருக்கும் என்பது அவருக்கு அவர் அப்பா எழுதிக் காட்டியது. அப்பாவுக்கு அவர் அப்பா. மூன்று தலைமுறையாக அந்த வீட்டில் குதிரைகள் நான்கு காலையும் நீட்டிக்கொண்டு தரையைத் தொடாமல் பறந்துகொண்டிருந்தன, அந்தச் சீமையில் ஒருவரும் குனிந்து பார்த்ததில்லை. சவாரி போகிறவன் முன்னால் பார்க்கிறான், வேடிக்கை பார்க்கிறவன் சவாரிக்காரனைப் பார்க்கிறான். குதிரையின் காலைப் பார்ப்பது, புல்லுக்கட்டோடு பாதையோரத்தில் ஒதுங்கி உட்கார்ந்து சேற்றை முகத்தில் வாங்குகிற புல்லுக்காரி ஒருத்திதான்.

லைன் அந்த அதிசயத்தை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. காற்று அடித்தால் செவலை மெல்ல நகர்ந்து கிளப்புப் பக்கம் போகப் பார்த்ததால் அங்காயியின் புருஷன் பொன்னான் அதை லாயத்து முன்கம்பத்தில் ஒரு கயிறும் கொய்யா மரத்தில் ஒரு கயிறும் போட்டுக் கட்டினான். கயிறு இருக்கிறதே என்று பக்கத்து வீட்டுக்காரிகள் துணி காயப்போட்டார்கள். காய்ச்சல் கண்ட குழந்தைகளை அதன் வயிற்றுக்கு அடியில் மூன்று தரம் நுழைத்து எடுத்தார்கள், சில குழந்தைகளுக்கு நின்றது, சில குழந்தைகளுக்கு நிற்கவில்லை. மேலிருந்து விழுகிற சாணம் நாலாபுறமும் தெறிக்கிறது என்று சண்டை வந்தது, அடியில் ஒரு கூடை வைத்ததும் சண்டை தீர்ந்தது. லாடம் அடிக்கிற காதர் பாய், குளம்பு தேயாத குதிரையால் தன் பிழைப்பில் மண் விழுந்ததாகச் சொல்லி, தினமும் வந்து அந்த லாடங்களைச் சுண்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டுப் போனார். கோயில் பூசாரி எலுமிச்சம்பழ மாலையோடு வந்தபோது அங்காயி முதலில் தடுக்கவில்லை. சூடப் புகையில் செவலை இருமத் தொடங்கியதும் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டாள். ஆனி பிறப்பதற்குள் வழி கேட்கிறவர்களுக்கு, “அந்தரக் குதிரைக்கு மேக்கால மூணாவது வூடு” என்று சொல்வது வழக்கமாகிவிட்டது.

துரைமார் பழகிக்கொண்டது வேறு மாதிரி. கர்னல் துரை வந்து செவலையைச் சுற்றி நடந்தார், மேட்டு பங்களாவுக்குப் போய்ப் படத்தைப் பார்த்தார், மறுபடி வந்து செவலையைப் பார்த்தார், படம் அச்சு அசலாக இருக்கிறது என்று பாராட்டினார். சேணத்துக்கு மேலே சவாரிக்காரர் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெள்ளையாக விட்டிருந்தது, கர்னல் உட்கார்ந்து காட்டினால் எழுதி முடித்துவிடலாம் என்று பிக்கரிங் துரை சொன்னதும் கர்னலுக்குத் தன் பட்டாளத்தின் ஞாபகம் வந்து, அன்று மதியமே மலையிறங்கிப் போய்விட்டார். கிளப்பில் எல்லோரும் நல்ல குதிரை இப்படித்தான் ஓடும் என்றார்கள். ஒரு துரைசானி கைதட்டினாள். ஆனால் அதற்குப் பிறகு பிக்கரிங் துரை சாயப்பெட்டியோடு எதிரே வந்தால் அவரவர் குதிரையைத் திருப்பிக்கொண்டு வேறு பாதையில் போனார்கள்; அந்தத் துரைசானி தன் மட்டக்குதிரையைப் போர்வை போட்டு மூடியே வைத்திருந்தாள். தபால் வண்டிக்காரர்கள் அவரைக் கண்டால் சாட்டையை உதறினார்கள். அவரைப் படம் எழுதச் சொல்ல அந்த மலையில் ஆள் இல்லை.

இப்படியே போயிருந்தால் அங்காயியும் விட்டிருப்பாள். ஆனால் செவலை சினையாக இருந்தது. மார்கழியில் டாக்டர் துரையின் வெள்ளைக் குதிரை வேலி தாண்டி வந்தது அவளுக்கும் பொன்னானுக்கும் மட்டும்தான் தெரியும். கர்னலுக்குத் தெரிந்தால் வேலியைக் கவனிக்காத பொன்னானை லைனை விட்டே துரத்திவிடுவார் என்று வாயைத் திறக்காமல் இருந்தார்கள். மார்கழியிலிருந்து எண்ணினால் கார்த்திகையில் குட்டி. குட்டி போடுகிற குதிரை படுக்க வேண்டும், புரள வேண்டும், காலை ஊன்றித் தள்ள வேண்டும். மடங்காத காலோடு, ஊன்றத் தரை இல்லாமல் எங்கே தள்ளும்? குட்டி உள்ளேயே நின்றால் தாயும் போய்விடும். ஐந்து வயதுச் செவலை, அங்காயி தன் கையால் புல் ஊட்டி வளர்த்தது. அவளுக்குப் பிறந்து தங்காமல் போன இரண்டு குழந்தைகளுக்குப் பிறகு அவள் குரலைக் கேட்டுக் கழுத்தைத் திருப்புகிற ஜீவன் அது ஒன்றுதான்.

ஆடி மாதம் அவள் மேட்டு பங்களாவுக்கு ஏறிப் போனாள். துரைக்குத் தமிழ் வராது, அவளுக்கு இங்கிலீஷ் வராது, நடுவில் அருளப்பன் நின்றார்.

“பட்லரண்ணா, ஒரு காலு, ஒரே ஒரு காலு தரையில ஊனுனாப்புல எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. மத்த மூணும் அவுரு இஷ்டத்துக்கு எங்க வேணா இருந்துட்டுப் போகட்டும்.”

அருளப்பன் சொன்னார். துரை முதுகைக் காட்டிக்கொண்டே வெகுநேரம் என்னவோ பேசினார், பேசப் பேசக் கழுத்து சிவந்தது.

“துரை யோசிச்சுப் பாக்கறேன்னு சொல்றாரு,” என்றார் அருளப்பன்.

“அதச் சொல்லவா இத்தன நேரம்? கழுத்தப் பாத்தா அப்படித் தெரியலீங்களே.”

அருளப்பன் தலையைச் சொறிந்தார். “நெசத்தச் சொல்லட்டுமா? முப்பது வருஷமா பிரபுமாரோட குதிரைய எழுதின கைக்கு, புல்லுக்காரி வந்து கால் சொல்லித்தர வேண்டாம்னு சொல்றாரு.”

“அந்த முப்பது வருஷத்துல ஒரு நாளாச்சும் குதிரை ஓடறதக் குனிஞ்சு பாத்திருக்காரான்னு கேளுங்க.”

அதை அருளப்பன் கேட்கவில்லை.

புரட்டாசி மழையில் அவள் மறுபடி போனாள். இந்த முறை தலையில் ஒரு முறம். தபால் குதிரை நாலுகால் பாய்ச்சலில் போன ஈரப் பாதையிலிருந்து குளம்புத் தடம் நான்கை மண்வெட்டியால் பாளம் பாளமாகப் பெயர்த்து, உடையாமல் முறத்தில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

“ஓடுன குதிரையோட அடிங்க. காலே ஊனாம ஓடுச்சுன்னா இது எப்படி வந்துச்சுன்னு கேளுங்க.”

பிக்கரிங் துரை திரும்பினார், முறத்தைப் பார்த்தார். பார்க்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் முகத்தில் என்னவோ ஒன்று வந்து போனது. பிறகு பூட்ஸ் காலால் முறத்தைத் தள்ளினார். தடங்கள் உடைந்து ஜமுக்காளத்தில் மண்ணாகக் கொட்டின. அங்காயி குனிந்து அள்ளினாள். அள்ளும்போது அவளுக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை; அந்த ஆளின் கை அழுகிப் போகட்டும், கண் குருடாகட்டும், அவர் எழுதிய வண்டியெல்லாம் அவர் மேலேயே ஏறட்டும் என்று சரிவு முழுவதும் சபித்துக்கொண்டே இறங்கினாள். துரைக்கும் அவள் மேல் அதே வன்மம்தான். தனக்கு வேலை வராததற்குச் செவலை காரணம் இல்லை, கீழே இருந்துகொண்டு ஊரெல்லாம் வாயடிக்கிற அந்தப் பொம்பளைதான் காரணம் என்று அவர் அருளப்பனிடம் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கார்த்திகை முதல் வெள்ளிக்கிழமை காலையில் செவலையின் மடிக்காம்பில் மெழுகுபோல் பால் கட்டி நின்றது. விலாவெல்லாம் வேர்வை. காற்றில் நீண்டிருந்த நான்கு கால்களும் நடுங்கின, ஒன்றும் மடங்கவில்லை. பொன்னான் கோணிகளை அடியில் அடுக்கிக் குளம்புக்கு முட்டுக் கொடுக்கப் பார்த்தான். கோணி அடுக்க அடுக்க அது அதே ஒன்றரை முழம் மேலே போயிற்று.

வெள்ளிக்கிழமைதோறும் மேட்டு பங்களாவின் சமையல்கட்டை மெழுகுவது அங்காயியின் முறை. அன்றும் செம்மண்ணும் சாணமும் கரைத்த வாளியோடுதான் ஏறிப் போனாள், ஆனால் சமையல்கட்டில் நிற்காமல் வாளியோடு முன்னறைக்குள் நுழைந்துவிட்டாள். அங்கே பிக்கரிங் துரை ஒரு பெரிய தட்டில் வெள்ளைச் சாயம் குழைத்துக்கொண்டிருந்தார். மேசை மேல் கர்னலின் கடிதம் பிரித்துக் கிடந்தது.

“கர்னல் படம் வேண்டாம்னு எழுதிட்டாரு,” என்றார் அருளப்பன் மெதுவாக. “அதனால மொத்தத்துக்கும் வெள்ளையடிச்சிட்டு, இதே துணியில வேற வண்டி எழுதப் போறாராம்.”

“அப்ப செவலை?”

அருளப்பன் வெள்ளைச் சாயத் தட்டின் பக்கம் கண்ணைக் காட்டினார்.

“துணியில செவலை இல்லாமப் போனா கீழ செவலை எங்கீங்க போகும்?”

“அது அவருக்கும் தெரியாது, அங்காயி. கேட்டுட்டேன். எங்கயோ போகட்டும்னு சொல்றாரு.”

துரை அகலமான பிரஷ்ஷை வெள்ளையில் தோய்த்தார். அங்காயிக்குப் படம் எழுதத் தெரியாது. நீட்டிய காலை மடக்கி எழுத அவள் ஏழு ஜென்மம் எடுத்தாலும் முடியாது. அவள் கைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, மெழுகுவது. வாளியில் முழங்கை வரை கையை விட்டாள். துரையைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, படத்தின் அடியில் அவர் அழகாக எழுதி வைத்திருந்த பச்சைப் புல்லின் மேல், இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை, வீட்டுத் தரையை மெழுகுகிற அதே அரைவட்ட வீச்சில் ஒரு வீச்சு. அதற்கு மேலே இன்னொரு வீச்சு. அதற்கும் மேலே, நான்கு குளம்புகளும் மண்ணில் முட்டும்வரை மூன்றாவது வீச்சு.

காலைக் கீழே கொண்டுவர முடியாதவள் தரையை மேலே கொண்டுபோனாள்.

ஜன்னலுக்கு நேர் கீழே லைன் எழுந்தது. சத்தமே இல்லை. இருபது வீடும் லாயமும் கொய்யா மரமும் காயப்போட்ட துணியும் அப்படியே ஒன்றரை முழம் மேலே வந்தன, கோழிகள் மேய்ந்துகொண்டே வந்தன. உலை கொதித்துக்கொண்டிருந்த ஒரு பானைகூடச் சாயவில்லை. செவலையின் குளம்புகளில் மண் தட்டியது, ஆறு மாதத்தில் முதல் தடவையாக அதன் முன்னங்கால் முட்டி மடங்கியது. அது பெருமூச்சோடு பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது.

பிக்கரிங் துரை கூச்சல் போட்டுக்கொண்டு மண்ணைச் சுரண்ட ஒரு கத்தியை எடுத்தார். அங்காயி இடுப்பில் செருகியிருந்த புல்லருவாளை எடுத்தாள். ஓங்கவில்லை, மிரட்டவில்லை, கையில் வைத்துக்கொண்டு படத்துக்கு முன்னால் நின்றாள். அப்போது அருளப்பன் தன் பதினெட்டு வருஷ உத்தியோகத்தில் செய்யாத ஒன்றைச் செய்தார்: துரையின் விரல்களைப் பிரித்து அந்தக் கத்தியை வாங்கி, சாப்பாடு முடிந்த மேசையிலிருந்து எடுப்பதுபோல் தட்டில் வைத்து, உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். அங்காயி படத்தைப் புல்லுக்கட்டைப்போலத் தலையில் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினாள்.

அந்தப் படம் பிறகு லைனை விட்டுப் போகவே இல்லை. லாயத்துச் சுவரில்தான் இருந்தது. மண் காய்ந்து ஓரம் உதிர்ந்தால் காதர் பாயின் வாசல் இரண்டு விரற்கடை இறங்கிவிடும் என்பதைக் கண்டுபிடித்த பிறகு, வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்கு ஒருத்தியாக முறை வைத்து, தங்கள் வீட்டை மெழுகிய கையோடு அதையும் மெழுகினார்கள். லைன் உயர்ந்ததில் தண்ணீரின் போக்கு மாறி, கிளப்புச் சாக்கடை கிளப்புத் துரைமார் பந்தாடுகிற மைதானத்திலேயே தேங்கியது. அதைப் பற்றி யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

குட்டி அன்று உச்சிப்பொழுதுக்குள் பிறந்தது. தாயின் செவலை நிறம், நான்கு காலிலும் தகப்பனின் வெள்ளை. ஒரு மணி நேரத்தில் எழுந்து நின்றது, விழுந்தது, மறுபடி எழுந்தது. கொஞ்ச நேரத்தில் லாயத்து முற்றத்தைச் சுற்றி ஓடவும் தொடங்கிவிட்டது. லைன் முழுக்க வாசலில் வந்து உட்கார்ந்து பார்த்தது. அங்காயி அழுதாள், சிரித்தாள், பொன்னானை ஒரு அடி அடித்தாள்.

அந்த நேரத்தில் பிக்கரிங் துரை தொப்பி இல்லாமல் சரிவில் இறங்கி வந்தார், பின்னால் அருளப்பன். யாரும் எழுந்திருக்கவில்லை. துரை யாரையும் பார்க்கவும் இல்லை. குட்டியின் காலைத்தான் பார்த்தார். பார்த்தவர் மெதுவாகச் சேற்றில் முட்டி போட்டுக் கன்னம் தரையில் படுகிற அளவுக்குக் குனிந்தார். குட்டி ஓடியது. ஒரு கால் ஊன்றியது, அடுத்த கால் ஊன்றியது. நான்கும் ஒன்றாகத் தரையை விட்ட ஒரு கண்ணிமைப்பொழுதில் அவை நீண்டிருக்கவில்லை, வயிற்றுக்கு அடியில் ஒன்றாகக் கூடிக் குவிந்திருந்தன. துரையின் வாய் திறந்தது. முப்பது வருஷம், மூன்று தலைமுறை, நூறு நூறு வண்டிக் குதிரைகள். அவர் முகம் ஒரே நாளில் கிழடு தட்டிவிட்டது. எழுந்து நின்றவரின் வலது கை, அவரைக் கேட்காமலே, கோட்டுப் பைக்குள் போய் ஒரு பென்சிலோடு வெளியே வந்தது.

அங்காயி எழுந்து அவருக்கும் குட்டிக்கும் நடுவில் வந்து நின்றாள்.

“பட்லரண்ணா, நான் சொல்றத அப்படியே சொல்லுங்க, ஒரு வார்த்தையும் கொறைக்காதீங்க. பாக்கறதுன்னா பாக்கட்டும், பாக்கறதுக்கு நாங்க தடை சொல்லல. ஆனா என்ற குட்டியப் பாக்கற வரைக்கும் அந்தக் கை ரெண்டும் என்ற கண்ணுக்குத் தெரியோணும். பென்சிலக் கீழ போட்டுட்டு, கையக் கட்டிக்கிட்டு நின்னு பாக்கச் சொல்லுங்க.”

அருளப்பன் அதை இங்கிலீஷில் சொன்னார். ஒரு வார்த்தையும் குறைக்கவில்லை.

துரை சுற்றிலும் பார்த்தார். இருபது வீட்டு வாசலிலிருந்தும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பென்சில் சேற்றில் விழுந்தது. பிறகு அவர், பொன்னான் இருபது வருஷமாக அந்த மலையின் ஒவ்வொரு துரைக்கு முன்னாலும் நின்றதுபோல, வலது கையை இடது கக்கத்திலும் இடது கையை வலது கக்கத்திலும் செருகிக்கொண்டு நின்றார். குட்டி ஓடி ஓய்ந்து தாயிடம் பால் குடிக்கப் போகும்வரை அப்படியே நின்றார். நடுவில் மழை பிடித்துக்கொண்டது. யாரும் அவருக்குக் குடை பிடிக்கவில்லை.